காகிதத்தில் பிறந்த ஊர்: கான்சஸின் நிக்கோடிமஸ்

வடமேற்குக் கால்பங்கு, செக்‌ஷன் 1, டவுன் 8, ரேஞ்ச் 21.

1877 ஜூலை 2-ஆம் தேதியிட்ட ஒரு துண்டறிக்கை, ஓர் ஊர் எங்கே இருக்கிறது என்பதை இப்படித்தான் சொல்கிறது. அமெரிக்காவின் கறுப்பின மக்களை விளித்து எழுதிய அறிக்கை அது. கான்சஸ் மாநிலத்தின் வடமேற்கில், கிரஹாம் கவுண்டியில் (கவுண்டி என்பது மாநிலத்துக்குள் ஓர் ஆட்சிப் பிரிவு), சாலமன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நிக்கோடிமஸ் என்றோர் ஊர் அமைகிறது, வந்து குடியேறுங்கள் என்று அழைத்தது. அந்தத் தேதியில் அங்கே தெரு இல்லை, கடை இல்லை, கட்டி நிறுத்திய வீடு இல்லை. முகவரி மட்டும் இருந்தது.

அமெரிக்காவில் ‘மிட்வெஸ்ட்’ என்று அழைக்கப்படும் மத்திய மேற்குப் பகுதியில் 12 மாநிலங்கள் அடங்கும். கிழக்கே ஒஹாயோவில் தொடங்கி மேற்கே கான்சஸ், நெப்ராஸ்கா, டகோட்டாக்கள் வரை விரியும் பெருநிலம். அதில் சில நூறு பேர், சில பத்துப் பேர் மட்டுமே வாழும் ஊர்கள் ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடக்கின்றன. அவை எப்படித் தோன்றின? ஏன் சரியாக அந்த இடத்தில்? ஏன் சில வளர்ந்தன, சில தேய்ந்தன? இதைப் புதிதாகத் தெரிந்துகொள்ள நினைப்பவருக்கு ஒரே ஊரைக் காட்டு என்றால் நான் நிக்கோடிமஸைத்தான் காட்டுவேன். அந்தப் பகுதி ஊர்களின் தலையெழுத்தைத் தீர்மானித்த விஷயங்கள் எல்லாம் இந்தச் சிற்றூரில் பளிச்சென்று தெரிகின்றன. அதோடு, அடிமைத்தளையிலிருந்து வெளிவந்த மக்கள் தங்களுக்கென்று ஒரு மண்ணைத் தேடிப் போன கதையும் இது.

முதலில் அந்த முகவரியைப் பிரித்துப் படிப்போம்.

கட்டம் போட்ட நிலம்

பழைய ஊர்களின் எல்லையை ஆறும் மரமும் பாறையும் சொல்லும். ‘கிழக்கே ஓடை, மேற்கே புளியமரம்’ என்று பத்திரத்தில் எழுதுவார்கள். புதிதாக விடுதலை பெற்ற அமெரிக்க அரசு தன் மேற்கு நிலங்களை விற்க நினைத்தபோது, பார்த்தறியாத நிலத்தை இப்படி எழுத முடியாது என்று கண்டது. 1785-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மேற்கில் உள்ள நிலம் முழுவதையும், மேடு பள்ளம் ஆறு எதையும் பொருட்படுத்தாமல், சதுரக் கட்டங்களாக அளந்துவிட வேண்டும் என்பது அதன் சாரம்.

பெரிய கட்டத்தின் பெயர் டவுன்ஷிப். ஒரு பக்கம் 6 மைல். அதற்குள் 36 சிறு கட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். அதுதான் செக்‌ஷன். செக்‌ஷனை நான்காகப் பிரித்தால் கிடைப்பது கால்பங்கு, 160 ஏக்கர். அளந்தது குண்டர் சங்கிலியால்: 66 அடி நீளம், 100 கண்ணிகள், 80 சங்கிலிக்கு ஒரு மைல். பழைய சென்னை மாகாணத்தின் நில அளவைப் படங்களில் ‘லிங்க்ஸ்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கிலி அந்நியமானதல்ல. அதே சங்கிலிதான் இரண்டு கண்டங்களிலும் ஓடியது.

36 செக்‌ஷன்களுக்கு எண் கொடுத்த முறை உழவருக்குச் சட்டென்று பிடிபடும். வடகிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி மேற்கே 6 வரை போகும். அடுத்த வரிசையில் ஏர் திரும்புவதுபோல் திரும்பி 7-லிருந்து கிழக்கே வரும். இப்படியே மாறி மாறிப் போய்த் தென்கிழக்கு மூலையில் 36-இல் முடியும். கான்சஸில் ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் 16-ஆம், 36-ஆம் செக்‌ஷன்கள் பள்ளிகளுக்கென்று ஒதுக்கப்பட்டன. குடியேறுபவர் ஒருவர்கூட வருவதற்கு முன்பே பள்ளிக்கூடத்துக்கு நிலம் குறிக்கப்பட்டிருந்தது. இந்த ஏற்பாட்டில் என் மனத்துக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

இனி டவுன் 8, ரேஞ்ச் 21. கான்சஸில் அளவை தொடங்கும் கிடைக்கோடு 40-ஆம் அட்சரேகை. இன்று கான்சஸ், நெப்ராஸ்கா மாநிலங்களுக்கு இடையிலான எல்லையும் அதுவே. செங்குத்துக் கோடு ‘ஆறாம் முதன்மைத் தீர்க்கரேகை’. விச்சிட்டா நகரில் மெரிடியன் அவென்யூ என்ற சாலை இந்தக் கோட்டின்மேல்தான் ஓடுகிறது. டவுன் 8 என்றால் கிடைக்கோட்டிலிருந்து தெற்கே எட்டாவது வரிசை: ஏழு கட்டங்களைத் தாண்டவேண்டும், 42 மைல். ரேஞ்ச் 21 என்றால் செங்குத்துக் கோட்டிலிருந்து மேற்கே இருபத்தோராவது நிரை: இருபது கட்டங்களைத் தாண்டவேண்டும், 120 மைல். அங்கே போய் நின்றால் நீங்கள் சரியான டவுன்ஷிப்பின் வடகிழக்கு மூலையில் நிற்கிறீர்கள். அந்த மூலையில் இருப்பது செக்‌ஷன் 1. அதன் வடமேற்குக் கால்பங்கு, 160 ஏக்கர்: நிக்கோடிமஸ்.

கட்டத்தில் ஒரு சிக்கலும் உண்டு. பூமி உருண்டை, வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்கும். சதுரங்களை அடுக்கிக்கொண்டே போனால் எங்கோ ஓரிடத்தில் அவை பொருந்தாமல் போகும். அதைச் சரிக்கட்ட, இத்தனை மைலுக்கு ஒருமுறை என்று ஒரு திருத்தக் கோடு போட்டு, அங்கிருந்து புதிதாக அளந்தார்கள். நூல் பிடித்தாற்போல் போகும் கிராமச் சாலை காரணமே இல்லாமல் ஓரிடத்தில் சற்று ஒதுங்கி மறுபடி நேராவதை அந்தப் பக்கம் பயணம் செய்பவர்கள் பார்க்கலாம். பூமி உருண்டை என்பதைச் சாலையிலேயே காணக்கூடிய இடம் அது.

160 ஏக்கரின் ஆசை

1862-இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் இந்தக் கால்பங்குகளுக்கு உயிர் கொடுத்தது. 21 வயது நிறைந்தவர், அல்லது குடும்பத் தலைவராக இருப்பவர், ஆணோ பெண்ணோ, 160 ஏக்கருக்கு மனுப் போடலாம். ஐந்து ஆண்டுகள் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, உழுது காட்டினால் நிலம் சொந்தம். கட்டணம் மொத்தத்தில் 18 டாலர் அளவுதான்.

அடிமையாக வேறொருவர் நிலத்தை வாழ்நாளெல்லாம் உழுதவருக்கு இது என்னவாகக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1865-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் நிலம் கைமாறவில்லை. முன்பு யாருடைய வயலில் அடிமையாக வேலை செய்தார்களோ அதே வயலில் குத்தகையாளாகவோ வாரத்துக்கு உழுபவராகவோ கடனோடு கட்டுண்டு கிடந்தார்கள். 1877-இல் தென்மாநிலங்களில் எஞ்சியிருந்த கூட்டரசுப் படைகளும் பாதுகாப்புப் பணியிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டன. கறுப்பின மக்களுக்கு இருந்த கொஞ்சநஞ்சக் காவலும் போயிற்று. நிக்கோடிமஸ் பிறந்தது அதே ஆண்டில்தான்.

கான்சஸைத் தேர்ந்ததற்கும் காரணம் இருந்தது. அடிமைமுறையை ஏற்பதா மறுப்பதா என்று 1850-களில் இரத்தம் சிந்திச் சண்டையிட்ட மண் அது. 1861-இல் அடிமைமுறை இல்லாத மாநிலமாகவே ஒன்றியத்தில் சேர்ந்தது. அந்தப் பெயருக்கே ஒரு நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருந்தது.

1877 ஏப்ரலில் நிக்கோடிமஸ் ஊர்க் கம்பெனி அமைந்தது. டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினத்தவர் தலைவர். இந்தியானாவிலிருந்து வந்த வெள்ளை இன நிலத் தரகர் டபிள்யூ. ஆர். ஹில் அதன் பொருளாளர். கம்பெனியைத் தொடங்கிய எழுவரில் ஹில் தவிர மற்ற ஆறு பேரும் கறுப்பினத்தவர். ஊர்மனைக்கு 5 டாலர் என்று விலை வைத்தார்கள். இது அந்தக் காலத்து மேற்கில் எங்கும் நடந்த வழக்கமான வியாபாரம்: ஒரு கால்பங்கை எடுத்து, காகிதத்தில் தெருக்கள் வரைந்து, மனைகளாக விற்பது. ஊர் வந்தபின் வரைபடம் வரைவதில்லை; வரைபடத்தை நம்பி ஊர் வரும்.

பெயர் எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. விவிலியத்தில் இரவு நேரத்தில் இயேசுவைத் தேடிவந்து, மறுபடி பிறப்பது எப்படி என்று கேட்ட நிக்கொதேமு ஒன்று. ஆப்பிரிக்காவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்டதாக அக்காலப் பாட்டொன்றில் வரும் நிக்கோடிமஸ் மற்றொன்று. எதுவானாலும், புதுப் பிறப்புக்கு ஏங்கியவர்கள் வைத்த பெயராகவே எனக்குத் தோன்றுகிறது.

தரையிலிருந்து எழுந்த புகை

1877 செப்டம்பரில் கென்டக்கியின் லெக்ஸிங்டன், ஜார்ஜ்டவுன் பக்கத்திலிருந்து 300-க்கும் மேற்பட்டோர் கிளம்பி வந்தார்கள். ரயில் எல்லிஸ் என்ற ஊர்வரைதான். அங்கிருந்து வடக்கே 30 மைலுக்கு மேல் புல்வெளியைக் கடக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு வசந்தத்தில் வந்த இன்னொரு குழுவில் வில்லியானா ஹிக்மன் இருந்தார். பாப்டிஸ்ட் போதகர் டேனியல் ஹிக்மனின் மனைவி. பிற்காலத்தில் அவர் சொல்லிவைத்த நினைவுகள் இந்த ஊர் வரலாற்றின் ஆணிவேர். வரும் வழியிலேயே அவருடைய பிள்ளைகளுக்குத் தட்டம்மை கண்டது. எல்லிஸில் கூடாரமடித்து இரண்டு வாரம் தங்கினார்கள். அந்த முகாமில் சில குழந்தைகள் இறந்துபோனார்கள். பிறகு வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். பாதை என்று எதுவும் இல்லை. மான் தடமும் காட்டெருமை புரண்ட பள்ளமும்தான். திசைகாட்டியைப் பார்த்துப் பார்த்து நடந்தார்கள். இரவில் ஆண்கள் தீ மூட்டி உட்கார்ந்து, விலங்குகள் நெருங்காதபடி துப்பாக்கி வெடித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் நாள் பிற்பகல், அதோ நிக்கோடிமஸ் என்று ஆண்கள் கூவினார்கள். நோயில் துவண்டிருந்த வில்லியானா ஆவலோடு கண்ணைத் தீட்டிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. எங்கே என்று கேட்டார். கணவர் கைநீட்டிக் காட்டினார். தரையிலிருந்து அங்கங்கே புகை எழுந்துகொண்டிருந்தது. அதுதான் ஊர். மக்கள் மண்ணைக் குடைந்து அதற்குள் வாழ்ந்தார்கள். அந்த நிலத்தைப் பார்த்து அழத் தொடங்கிவிட்டதாக அவர் சொல்கிறார்.

மண்ணுக்குள் ஏன்? இங்கேதான் புவியியல் பேசத் தொடங்குகிறது. கென்டக்கி மரமடர்ந்த நாடு. வீடு கட்டவும் விறகெரிக்கவும் வேலி போடவும் மரம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். கான்சஸின் மேற்குப் பகுதியில் ஆற்றோரத்தைத் தவிர மரமே கிடையாது. புல், புல், மறுபடியும் புல். அதன் வேர்கள் தலைமுறை தலைமுறையாகப் பின்னிப் பின்னி மண்ணைப் பாய்போல் இறுக்கியிருந்தன. ஆகவே சரிவான மேட்டைக் குடைந்து, முன்பக்கத்தைப் புல்கட்டியாலும் கல்லாலும் அடைத்து, புகைபோக வழி விட்டுக் குடியிருந்தார்கள். மரமில்லாத சமவெளியில் குளிருக்கும் காற்றுக்கும் தப்ப அதைவிட மலிவான வழி இல்லை; வெள்ளை இனக் குடியேறிகளும் அப்படித்தான் தொடங்கினார்கள். எரிக்கக் காய்ந்த சாணமும் சூரியகாந்தித் தண்டும். பூட்டி உழக் குதிரைகள் போதாததால் பலர் மண்வெட்டியாலும் கொத்தாலும்தான் அந்தப் புல்தரையைத் திருப்பினார்கள்.

பல குடும்பங்கள் பார்த்த மாத்திரத்தில் திரும்பிப் போயின. துண்டறிக்கையின் சொற்களுக்கும் கண்ணெதிரே கிடந்த நிலத்துக்கும் இடையிலிருந்த தூரம் அவ்வளவு. தங்கியவர்களுக்கு முதல் குளிர்காலம் கொடுமையாக இருந்தது. வேட்டை முடித்துத் திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் தங்கள் உணவில் பங்கு கொடுத்துப் போனார்கள் என்று நிக்கோடிமஸ் குடும்பங்கள் வழிவழியாகச் சொல்லிவருகின்றன.

அந்தச் செய்தியை நான் கடந்துபோக விரும்பவில்லை. கட்டம் போடுவதற்கு முன் அந்த நிலம் வெறுமையாகக் கிடக்கவில்லை. பானி, கான்சா, செயென், அரப்பாஹோ மக்கள் எருமை வேட்டையாடிய வெளி அது. 1857-இல் இதே சாலமன் ஆற்றங்கரையில் அமெரிக்கப் படை செயென் வீரர்களோடு மோதியது. பத்தாண்டுக்குப் பின் ஒப்பந்தங்களின் பெயரால் அவர்கள் தெற்கே ஒதுக்கிட நிலங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். மனுப் போட்டவருக்குக் கிடைத்த ஒவ்வொரு கால்பங்கும் வேறொருவரிடமிருந்து எடுக்கப்பட்டதுதான். நிலம் மறுக்கப்பட்டவர்களுக்கு நிலம் பறிக்கப்பட்டவர்கள் சோறிட்ட கதையாகவே நான் அதை வாசிக்கிறேன்.

மழை நின்றுபோகும் இடம்

நிக்கோடிமஸ் இருப்பது 100-ஆம் மேற்குத் தீர்க்கரேகைக்குச் சுமார் 20 மைல் கிழக்கே. வரைபடத்தில் வெறும் எண். விவசாயிக்கு அதுதான் எல்லாம். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று கிழக்கு மாநிலங்களை நனைக்கிறது. மேற்கே ராக்கி மலைத்தொடர் பசிபிக் கடலின் ஈரத்தைத் தடுத்துவிடுகிறது. மலைக்கு இந்தப் பக்கம் மழைமறைவுப் பகுதி. இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 100-ஆம் தீர்க்கரேகையை ஒட்டி, ஆண்டு மழை 20 அங்குலத்துக்குக் கீழே இறங்குகிறது. பாசனமில்லாமல் மானாவாரியாகப் பயிர் செய்ய அதுவே விளிம்பு என்று மேற்கு நிலங்களை ஆராய்ந்த நிலவியலாளர் ஜான் வெஸ்லி பவெல் 1878-இல் அரசுக்கு அளித்த அறிக்கையில் எச்சரித்தார்.

சராசரி 20 அங்குலம் என்பதில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகள் நன்றாகப் பெய்யும். நிலம் பொன்னாய் விளையும். ஆட்கள் வந்து குவிவார்கள். அடுத்த நான்கு ஆண்டுகள் வானம் கைவிரிக்கும். கிழக்கே ஒஹாயோவிலோ இல்லினாயிலோ 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். மேற்குக் கான்சஸில் அது போதாது. சட்டம் ஒரே அளவுச் சட்டையை எல்லா உடம்புக்கும் தைத்தது. கிராமப்புற மிட்வெஸ்டின் மேற்கு ஓர ஊர்கள் பல மெலிந்துபோனதற்கு முதல் காரணம் இங்கே இருக்கிறது: குறைந்த மழையில் ஒரு குடும்பம் பிழைக்க நிறைய நிலம் வேண்டும், நிலம் பெரிதானால் குடும்பங்கள் குறையும், குடும்பங்கள் குறைந்தால் பள்ளிக்கும் கடைக்கும் ஆளில்லை.

இந்த மண்ணுக்கு ஒத்துவந்தது குளிர்காலக் கோதுமை. இலையுதிர்காலத்தில் விதைத்து, பனிக்கடியில் உறங்கவிட்டு, கோடை தொடங்கும்போது அறுப்பது. ‘டர்க்கி ரெட்’ என்ற வகையை 1874-இல் ரஷ்யாவிலிருந்து வந்த மென்னோனைட் கிறிஸ்தவர்கள் நடுக் கான்சஸுக்குக் கொண்டுவந்தார்கள் என்பார்கள். வறட்சி தாங்கும் சோளமும் பின்னால் முக்கியப் பயிராயிற்று. மக்காச்சோளமல்ல, நம் சோளமேதான். அங்கே அதை மைலோ என்கிறார்கள்.

ஊராகிறது

தங்கியவர்கள் ஊரை எழுப்பிவிட்டார்கள். ஜென்னி ஃபிளெட்சர் தம் குடிசையிலேயே பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாடம் சொன்னார். கிரஹாம் கவுண்டியின் பள்ளி மாவட்டங்களில் முதல் எண் நிக்கோடிமஸுக்கு வாய்த்தது. அவருடைய கணவர் இசட். டி. ஃபிளெட்சர் கடையும், பின்னால் செயின்ட் பிரான்சிஸ் ஹோட்டலும் நடத்தினார். சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல்லால் தேவாலயங்கள் எழுந்தன. 1886-இல் ‘வெஸ்டர்ன் சைக்ளோன்’, அடுத்த ஆண்டு ‘நிக்கோடிமஸ் என்டர்பிரைஸ்’ என்று இரண்டு வாரப் பத்திரிகைகள். வங்கி, மருந்துக்கடை, பேஸ்பால் அணி. பத்தே ஆண்டில், புகை மட்டும் தெரிந்த இடத்தில்.

இங்கே ஆட்சி முறையைப் பற்றி ஒரு சொல். டவுன்ஷிப் என்பது அளவைக் கட்டம் மட்டுமல்ல. கான்சஸில் அது சாலை பராமரிக்கும் ஒரு சிறு உள்ளாட்சியும்கூட. அதற்கு மேலே கவுண்டி. கவுண்டியின் தலைமை ஊருக்குக் ‘கவுண்டி சீட்’ என்று பெயர். நீதிமன்றம், நிலப் பதிவு, வரி எல்லாம் அங்கே. ஊருக்கு ஒரு நீதிமன்றக் கட்டடம் கிடைத்தால் வக்கீல் வருவார், ஹோட்டல் வரும், ஊர் நிலைக்கும். அதனால் இந்தத் தகுதிக்கு ஊர்களுக்குள் கடும் போட்டி நடக்கும். கிரஹாம் கவுண்டியில் கடைசியில் அது ஹில் சிட்டிக்குப் போயிற்று. பெயரைக் கவனியுங்கள்: நிக்கோடிமஸில் மனை விற்ற அதே டபிள்யூ. ஆர். ஹில்லின் பெயர்தான்.

1878-இல் நிக்கோடிமஸுக்கு வந்த எட்வர்ட் மெக்கேப் என்ற கறுப்பின இளைஞர், 1880-இல் கவுண்டி அமைக்கப்பட்டபோது அதன் தற்காலிக எழுத்தராக ஆளுநரால் நியமிக்கப்பட்டார். 1882-இல் கான்சஸ் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்தலில் வென்றார். மாநிலம் முழுவதும் வாக்களிக்கும் பதவிக்குக் கான்சஸில் வந்த முதல் கறுப்பினத்தவர் அவர். 1884-இல் மறுபடியும் வென்றார். அடிமைமுறை ஒழிந்து இருபது ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் போன ரயில்

நிலக் கட்டமும் மழையும் ஊரைப் பிறக்கவைத்தன என்றால், பிழைப்பதா இல்லையா என்று சொன்னது ரயில். விளைந்த கோதுமையைக் குதிரை வண்டியில் ஏற்றிப்போய் இறக்கிவிட்டு அன்றே வீடு திரும்ப வேண்டும். அதற்குச் சில மைலுக்கு ஒரு நிலையம் தேவை. நிலையத்தின் பக்கத்தில் ‘எலிவேட்டர்’ என்று அவர்கள் சொல்லும் உயரமான தானியச் சேமிப்புக் கோபுரம். அதை ஒட்டிக் கடை, வங்கி, மதுக்கூடம். இன்றைக்கும் அந்தச் சமவெளியில் ஊர் வருகிறது என்பதைத் தூரத்திலிருந்தே சொல்வது அந்தக் கோபுரம்தான்.

நிக்கோடிமஸ் மக்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1887-இல் மிசௌரி பசிபிக் நிறுவனத்தைத் தங்கள் ஊருக்கு வரவழைக்க 16,000 டாலர் கடன்பத்திரம் தர வாக்களித்து ஒப்புதல் தந்தார்கள். மண்வீட்டிலிருந்து மேலேறி வந்து பத்து ஆண்டே ஆன ஒரு சமூகம் தன் எதிர்காலத்தை அடகுவைக்கத் துணிந்த தொகை அது. பேச்சு முறிந்தது. மிசௌரி பசிபிக் வரவில்லை. யூனியன் பசிபிக் வந்தது, ஆனால் சாலமன் ஆற்றுக்குத் தெற்கே தண்டவாளம் போட்டது. தென்மேற்கே சுமார் 6 மைல் தள்ளி அதன் தொழிலாளர்கள் அடித்த முகாம் போக் என்ற ஊராயிற்று.

1888-இல் நிக்கோடிமஸ் வணிகர்கள் ஒவ்வொருவராகக் கடையைக் கட்டிக்கொண்டு போக் ஊருக்குப் போனார்கள். சிலர் கட்டடத்தையே பெயர்த்து எடுத்துப் போனார்கள். பத்திரிகைகளும் நின்றன. ரயில் எட்டாத ஊர்களுக்கு மிட்வெஸ்ட் எங்கும் இதே கதிதான். பல இடங்களில் பெயர்ப்பலகைகூட மிஞ்சவில்லை. நிக்கோடிமஸைக் கொன்றது இனவெறியா ரயிலா என்று கேட்பவர்கள் உண்டு. வெள்ளை இன ஊர்களும் அதே ஆண்டுகளில் அதே காரணத்தால் மாண்டன என்பது உண்மை. ஆனால் பணமும் உறவும் வேறு ஊரில் வரவேற்பும் உள்ளவர் எழுந்து வேறிடம் போவதும், இவை எதுவும் இல்லாதவர் போவதும் ஒன்றல்ல.

ஆனாலும் ஒரு முக்கியமான வேறுபாட்டைப் பலர் தவறவிடுகிறார்கள். தேய்ந்தது கடைத்தெரு; வயல்கள் அல்ல. ஹோம்ஸ்டெட் முறையில் விவசாயி ஊருக்குள் குடியிருப்பதில்லை; தன் கால்பங்கின் நடுவிலேயே வீடு கட்டித் தனியே இருப்பார். கடைத்தெரு வெறிச்சோடியபின்னும் சுற்றியுள்ள பண்ணைகளில் கறுப்பினக் குடும்பங்கள் உழுதுகொண்டிருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் எண்ணிக்கை கூடவும் செய்தது. 1907-இல் புதிய பாப்டிஸ்ட் தேவாலயமும் 1918-இல் புதிய பள்ளிக் கட்டடமும் எழுந்தது அதனால்தான். மிட்வெஸ்ட் ஊர் ஒன்றை எடைபோடும்போது தெருவை மட்டும் பார்த்துவிட்டுச் செத்த ஊர் என்று முடிவு கட்டக்கூடாது.

உண்மையான அடி 1930-களில் விழுந்தது. வறட்சியும் புழுதிப் புயலும் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்து வந்தன. 1935-இல் ஊரில் 76 பேர். 1950-இல் 16. டிராக்டரும் கம்பைன் அறுவடை இயந்திரமும் வந்தபின் ஒரே குடும்பம் பல செக்‌ஷன்களை உழ முடிந்தது. பிள்ளைகள் டோபீகாவுக்கும் டென்வருக்கும் கலிபோர்னியாவுக்கும் போனார்கள். 1953-இல் தபால் நிலையம் மூடப்பட்டது. சில ஆண்டுகளில் பள்ளியும்.

ஜூலைக் கடைசி

அதே 1930-களில், பொருளாதார வீழ்ச்சிக்காலத்து அரசு வேலைத்திட்டத்தின் கீழ், சுண்ணாம்புக்கல்லில் ஒரு டவுன்ஷிப் மண்டபம் கட்டினார்கள், 1939-இல் முடிந்தது. ஊர் கரைந்துகொண்டிருந்தபோது ஊர்க்கூடம் எழுந்தது. அது வீண்போகவில்லை.

தொடக்கம் முதலே நிக்கோடிமஸ் மக்கள் ஆகஸ்ட் 1-ஐ விடுதலைத் திருநாளாகக் கொண்டாடினார்கள். 1834-இல் மேற்கிந்தியத் தீவுகள் உள்ளிட்ட பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் அது. அந்தத் தேதி நம் வரலாற்றையும் தொடுகிறது. அடிமைகள் விடுதலையாகிச் சென்ற அதே கரும்புத் தோட்டங்களுக்குத்தான் பின்னர் தமிழர் உட்பட இந்தியத் தொழிலாளர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள்.

இப்போது அந்த விழா ஜூலைக் கடைசி வார இறுதியில் ‘ஹோம்கமிங்’ என்ற பெயரில் நடக்கிறது. ஆண்டு முழுவதும் ஊரில் இருப்பவர்கள் இருபது பேருக்கு உள்ளேதான். விழா நாட்களில் நாட்டின் பல மூலைகளிலிருந்து நூற்றுக்கணக்கான வாரிசுகள் வந்து சேர்கிறார்கள். ஊர்வலம், வழிபாடு, விருந்து, டவுன்ஷிப் மண்டபத்தில் பேச்சு. இந்த ஊரில் பிறந்து, கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடி, 1954-இல் கிரீன் பே பேக்கர்ஸ் என்ற தொழில்முறை அணியால் முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட வெரில் ஸ்விட்சரை இங்கே எல்லாரும் தங்கள் வீட்டுப் பிள்ளையாகச் சொல்வார்கள்.

1976-இல் நிக்கோடிமஸ் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1996 நவம்பரில் தேசியப் பூங்காப் பணித்துறையின் பாதுகாப்பில் தேசிய வரலாற்றுத் தலமானது. டவுன்ஷிப் மண்டபம், செயின்ட் பிரான்சிஸ் ஹோட்டல், ஆப்பிரிக்க மெதடிஸ்ட் தேவாலயம், பழைய பாப்டிஸ்ட் தேவாலயம், பள்ளிக்கூடம் ஆகிய ஐந்து கட்டடங்கள் அதில் அடங்கும். அமெரிக்க நெடுஞ்சாலை 24-இல் ஹில் சிட்டியைக் கடந்து கிழக்கே வந்தால், கவுண்டியின் கிழக்கு எல்லைக்குச் சற்று முன்னால், சாலைக்குப் பக்கத்திலேயே அவற்றைப் பார்க்கலாம். சுற்றிலும் கோதுமையும் மைலோவும். குறுக்கே வரும் மண்சாலைகள் பெரும்பாலும் மைலுக்கு ஒன்றாக, செக்‌ஷன் கோடுகளின்மேல் ஓடுகின்றன. அவற்றின் ஓரத்து நிலங்களுக்கு ஹில் சிட்டி பதிவகத்தில் எழுதும் பத்திரங்களில் இன்றும் கால்பங்கு, செக்‌ஷன், டவுன், ரேஞ்ச் என்றுதான் எழுதுகிறார்கள்.